கரு ஏற்றுச் சுமக்கும் தாயும் பிறக்கும் உயிரின் பாரம்பரியமும்

வாத்து முட்டைகளைக் கோழிக்கு அடை வைப்பது நம் கிராமங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். தன் முட்டையை 21 நாட்கள் காத்துப் பழகிய கோழி, வாத்து முட்டைக்காக 28 நாட்கள் வரையில் பொறுமையுடன் படுத்திருக்கும். பொரிந்த குஞ்சுகளோ தண்ணீரைக் கண்டவுடன் இறங்கி நீந்தும். கோழி கரையில் நின்று பதறும். கோழியின் சூடு பட்டமையால் வாத்துக் குஞ்சுக்குக் கோழிக் குணம் வந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறே, ராஜபாளையம் தோப்புகளில் நாட்டு மாங்கொட்டையை முளைக்கவிட்டு அதன்மேல் சப்பட்டை மாவின் குச்சியை ஒட்டினால் காய்ப்பது சப்பட்டையே என்பதும் தோப்புக்காரர் யாவரும் அறிந்ததே.

ஆனால் விஷயம் கர்ப்பாசயத்தைப் பற்றியதாகும்போது அதே ஜனங்களுக்குச் சந்தேகம் பிறக்கிறது. இச்சந்தேகம் மூடத்தனமானது அன்று. கோழி கொடுப்பது சூடு மட்டுமே. வேர்ச்செடி கொடுப்பது நீரும் உப்புக்களும். தாயின் வயிறோ பல மாதங்கள் தன் இரத்தத்திலிருந்து சத்தை எடுத்து ஊட்டி உயிரை வளர்க்கிறது. அவ்வளவும் கொடுத்தவள் வழியைக் கொடுக்கவில்லை என்று சொன்னால் உடனே மனம் ஒப்புவது அரிது.

இக்காலத்தில் இக்கேள்வி இரண்டு இடங்களில் எழுகின்றது. மாடு வைத்திருக்கும் நிலச்சுவான்தார், கருமாற்று முறையில் தம் கலப்புப் பசு ஈனும் கன்று எந்த ஜாதியைச் சேர்ந்தது, அதற்கு என்ன விலை மதிக்கலாம் என்று கேட்கிறார். கிராம நிர்வாக அலுவலரோ, வாடகைத் தாய் மூலமாகப் பிறந்த குழந்தை யாருடையது, வாரிசு விசாரணையில் அதை எவ்விதம் எழுதுவது என்று கேட்கிறார். மாட்டையும் மாதரையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது இங்கே நோக்கம் அன்று. பாரம்பரியத்தைப் பற்றிய இயற்கை விதி இரண்டிலும் ஒன்றாயிருப்பதால், கண்ணால் காணக்கூடிய மாட்டிலிருந்து தொடங்குவது சுலபம்.

பாரம்பரியம் எங்கிருந்து வருகிறது?

பசுவின் உடலிலுள்ள ஒவ்வொரு அணுவிலும் 60 குரோமோசோம்கள் உண்டு. ஜாதி, நிறம், கொம்பின் அமைப்பு, பால் சுரக்கும் திறன் ஆகியவற்றுக்குரிய மரபணுக்கள் இவற்றிலே வரிசையாக அமைந்திருக்கின்றன. முட்டையணுவில் 30-உம் விந்தணுவில் 30-உம் வந்து, கூடிய அந்த வேளையிலேயே கன்றின் 60-உம் பூர்த்தியாகிவிடுகின்றன. மனிதரில் இக்கணக்கு இருபுறமும் 23 வீதம் 46 ஆகும். இதன்பின் எந்தக் கர்ப்பாசயத்தில் வளர்ந்தாலும் இந்த எண்ணிக்கையில் ஒன்று கூடுவதுமில்லை, ஒன்று மாறுவதுமில்லை.

இவையன்றி, அணுவுக்குள் உஷ்ணமும் சக்தியும் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிறு உறுப்புக்களில் 37 மரபணுக்கள் தனியே உள்ளன. அவை தாய்வழியில் மட்டுமே வருபவை என்பதைக் கேட்டவர் சிலர், அவையேனும் சுமந்த தாயிடமிருந்து வருமோ என்று ஐயுறலாம். வாரா. அவை முட்டையணுவோடு கூடவே வருபவை. ஆகையால் முட்டை எவளுடையதோ அவளுடையவையே.

இதைப் பரீட்சித்து முதன்முதலில் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வால்ட்டர் ஹீப் என்பவர். 1890-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அவர் நீண்ட பட்டுப்போன்ற ரோமமுள்ள அங்கோரா முயலிலிருந்து இரண்டு கருக்களை எடுத்து, அப்பொழுதுதான் தன் ஜாதி ஆணுடன் சேர்ந்திருந்த பெல்ஜிய முயலின் வயிற்றில் வைத்தார். அம்முயல் ஆறு குட்டிகள் போட்டது. நான்கு பெல்ஜிய ஜாதி. இரண்டு சுத்த அங்கோரா. ஒரே வயிறு, ஒரே இரத்தம், ஒரே தீனி. அப்படியிருந்தும் அங்கோராக் குட்டிகளின் ரோமத்தில் பெல்ஜியக் கலப்பு ஒரு சிறிதும் காணப்படவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை. பசுவில் இம்முறையால் முதற்கன்று பிறக்க மேலும் அறுபது வருஷங்கள் சென்றன. அது 1951-இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் பிறந்தது. நம் தேசத்தில் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் 1990-இல் எருமையின் முட்டையணுவை உடலுக்கு வெளியே கருவாக்கி, வேறோர் எருமையின் வயிற்றில் வளர்த்துக் கன்று எடுத்தனர்.

பசுவில் செய்யும் முறை

கரு அளிக்கும் உயர்ந்த ஜாதிப் பசுவுக்குச் சில நாட்கள் ஊசி மருந்து செலுத்தினால், ஒரு முட்டைக்குப் பதிலாகப் பல முட்டைகள் ஒரே பருவத்தில் முதிரும். அப்பொழுது தேர்ந்த பொலிகாளையின் விந்தைச் சினை ஊசி மூலம் செலுத்தி, 7-ஆம் நாள் கர்ப்பாசயத்தை மருந்து நீரால் கழுவிக் கருக்களைச் சேகரிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கும் தேறாத அக்கருக்களைச் சூட்சுமதரிசனிக் கண்ணாடியில்தான் காணலாம். நல்லவற்றைப் பொறுக்கி, அதே சமயத்தில் பருவத்துக்கு வந்த வேறு பசுக்களின் கர்ப்பாசயக் கொம்பில் ஒவ்வொன்றாய் வைக்கிறார்கள். இரண்டு பசுக்களின் பருவமும் ஒரு நாளுக்குமேல் முன்பின்னாக இருந்தால் சினை பிடிப்பது குறையும். எல்லாம் செவ்வனே நடந்தாலும் ஏறக்குறையப் பாதியே சினையாகும் என்பதை மாட்டுக்காரர் முன்கூட்டியே அறிந்து கொள்வது நலம். நூற்றுக்கு நூறு என்று எவரேனும் வாக்களித்தால் அவரை நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. காங்கேயக் கருவைச் சிவந்த ஜெர்ஸிக் கலப்புப் பசுவில் வைத்தால், பிறக்கும் கன்று சிவப்பாகவே இருக்கும். அதைக் கண்டு, "ஜெர்ஸியின் நிறம் ஒட்டிக்கொண்டது, பணம் வீண்" என்று கன்றை அற்ப விலைக்குத் தள்ளிவிட நேரலாம். அது பெருந் தவறு. காங்கேயக் கன்று தன் சொந்தத் தாய் வயிற்றில் பிறந்தாலும் சிவப்பாகவே பிறக்கும். ஆறு மாதம் ஆகும்போது நிறம் மாறிச் சாம்பல் நிறம் கொள்ளும். உம்பளச்சேரிக் கன்றின் இயல்பும் இத்தகையதே. எனவே ஆறு மாதம் பொறுத்து நிறம் பார்க்க வேண்டும். அவசரம் உள்ளவர்கள் வால்மயிரை வேரோடு பிடுங்கி டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பலாம்.

சுமக்கும் தாய் கொடுப்பவை

வழியைக் கொடுக்கவில்லை என்றதனால் சுமப்பவள் வெறும் கூடை என்று கருதிவிடக் கூடாது. இதில்தான் அநேகர் இடறுகிறார்கள். கருவுக்குச் செலவு செய்துவிட்டுச் சுமக்கும் பசுவைத் தரிசில் அவிழ்த்து விடுகிறார்கள்.

கேம்பிரிட்ஜில் வால்ட்டன், ஹாமண்ட் என்னும் இருவர் 1938-இல் வெளியிட்ட பரீட்சை ஒன்று இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. ஷயர் என்பது வண்டியிழுக்கும் மிகப்பெரிய குதிரை. ஷெட்லண்ட் என்பது ஆட்டுக்குச் சற்றே பெரிய மட்டக் குதிரை. இவ்விரண்டையும் இருவிதமாகவும் கலந்து பார்த்தார்கள். இரு வகைக் கலப்பிலும் பாரம்பரியம் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் பெரிய குதிரையின் வயிற்றில் வளர்ந்த குட்டி, மட்டக் குதிரையின் வயிற்றில் வளர்ந்த குட்டியைப்போல் பிறக்கும்போதே ஏறக்குறைய மூன்று மடங்கு எடையுள்ளதாக இருந்தது. வளர்ந்தபின்னும் வித்தியாசம் முற்றிலும் மறையவில்லை. எவ்வளவு பெரிதாகலாம் என்பதை மரபணுக்கள் குறிக்கின்றன. அதில் எவ்வளவு கைகூடும் என்பதைச் சுமக்கும் வயிறு பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கரிசல் மண்ணில் உயர்ந்த விதையை விதைத்துவிட்டு மழை தவறினால் என்ன விளையும் என்பதை இந்த ஜில்லாவின் பருத்திக் குடியானவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

தீனியின் குறைவு மரபணுக்களின் எழுத்தை மாற்றாது. ஆனால் அவற்றுள் எவை விழித்து வேலை செய்யும், எவை உறங்கும் என்பதை ஓரளவு மாற்றக்கூடும். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து தேசத்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கருவிலிருந்த குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்ததில், அவர்கள் வயது முதிர்ந்தபின் நீரிழிவு போன்ற கோளாறுகளுக்கு அதிகமாக உட்பட்டமை தெரிய வந்தது. ஆகையால் சினையின் கடைசி மூன்று மாதங்களில் கரு ஏற்ற பசுவுக்குப் பசுந்தீவனமும் அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் குறையாமல் கொடுக்க வேண்டும். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் வற்றவிட வேண்டும்.

சுமக்கும் பசுவைத் தேரும்போது அதன் ஜாதியைப் பார்க்க வேண்டியதில்லை. உடலைப் பார்க்க வேண்டும். ஓர் ஈற்றாவது சிக்கலின்றி ஈன்றிருத்தல், இருபத்தொரு நாளுக்கொருமுறை தவறாது பருவத்துக்கு வருதல், அகன்ற இடுப்பு, கன்று வீச்சு நோய் இல்லையென்று இரத்தப் பரிசோதனையில் தெரிதல் ஆகியவையே முக்கியம். சிறுகூடான நாட்டுக் கிடாரியில் ஹால்ஸ்டீன் கருவை வைப்பது தாயையும் கன்றையும் ஒருங்கே இழப்பதற்கு வழி.

மாட்டில் சுமக்கும் தாய் ஈன்றபின் கொடுக்கும் ஒரு கொடை உண்டு, அது சீம்பால். பசுவின் நஞ்சுக்கொடி கனமான பல அடுக்குகளை உடையதாதலால், நோயை எதிர்க்கும் சத்து தாயின் இரத்தத்திலிருந்து கன்றுக்கு வயிற்றில் இருக்கும்போது சேர்வதில்லை. அது முழுவதும் சீம்பாலில்தான் வருகிறது. கன்றின் குடலும் அதை முதல் ஒரு நாளைக்குள்ளேதான் அப்படியே உறிஞ்சும். பிறகு அக்கதவு மூடிவிடும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலும், முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கும் உள்ளே செல்ல வேண்டும். உள்ளூர்ப் பசுவையே சுமக்க வைப்பதிலுள்ள லாபமும் இதில் அடங்கியிருக்கிறது. இவ்வூர்த் தொழுவத்து நோய்களை அறிந்த உடம்பின் சீம்பால் இவ்வூர்க் கன்றுக்கு உதவும். சீம்பாலைத் திரட்டிச் சர்க்கரை சேர்த்து உண்பதன் ருசியை யாரும் மறுக்கவில்லை. கன்று குடித்து மீந்தபின் அதைச் செய்யலாம்.

இரண்டு கருக்களை ஒரே பசுவில் வைக்கச் சிலர் ஆசைப்படுவதுண்டு. அது கூடாது. ஆண் கன்றோடு இரட்டையாய்ப் பிறக்கும் கிடாரி பெரும்பாலும் மலடாகிவிடுவதை அநேகர் கண்டிருப்பார்கள். இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைவதே இதற்குக் காரணம். அவ்வழியே ஒன்றின் இரத்த அணுக்கள் மற்றொன்றில் குடியேறி ஆயுள் முழுதும் தங்கிவிடும் என்பதை அமெரிக்கரான ரே ஓவென் 1945-இல் கண்டறிந்தார். அத்தகைய கன்றின் இரத்தத்தைச் சோதித்தால் கூடப்பிறந்ததன் வழியையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும். மேலே மயிரின் வேரை அனுப்பும்படி கூறியது இதனாலேயே.

அடுத்த ஈற்றைப் பற்றிய அச்சமும் சிலருக்கு உண்டு. வேறு ஜாதிக் கருவைச் சுமந்த பசு, பிறகு தன் சொந்தக் கன்றை ஈனும்போது முன்னதன் சாயல் வருமோ என்பது அது. முன் சேர்ந்த ஆணின் குறி பின் ஈற்றிலும் தோன்றும் என்று ஐரோப்பாவிலும் நெடுநாள் நம்பினார்கள். ஸ்காத்லாந்தில் ஈவார்ட் என்னும் பண்டிதர் குதிரைகளை வரிக்குதிரையுடன் சேர்த்துப் பிறகு குதிரையுடன் சேர்த்துப் பார்த்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டார். சுமந்த பசுவின் அடுத்த கன்று முழுக்க அதனுடையதே.

மானிடரில்

மேற்கூறிய விதி ஸ்திரீகளுக்கும் பொருந்தும். மனைவியின் முட்டையணுவும் கணவனின் விந்தணுவும் வெளியே கூடிக் கருவாகி வேறொரு மாதின் கர்ப்பத்தில் வளர்ந்தால், குழந்தையின் இரத்த வகுப்பும் நிறமும் முகச்சாயலும் அத்தம்பதிகளின் வழியே வரும். சுமந்த மாதுக்கும் குழந்தைக்கும் டி.என்.ஏ. பரிசோதனையில் தாய்-சேய் உறவு தோன்றாது. சுமப்பவளின் சொந்த முட்டையணுவையே உபயோகித்தால் அவளே வழித் தாயும் ஆவாள். அதை இந்தியச் சட்டம் தடுத்துள்ளது.

மாட்டுக்கும் மனிதருக்கும் இதில் முக்கியமான பேதங்கள் உண்டு. நோய் எதிர்க்கும் சத்து மனிதரில் பிரசவத்துக்கு முன்னரே, சிறப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்றுவிடும். சுமக்கும் தாய்க்குப் போடும் ரண ஜன்னி ஊசி குழந்தையையும் காப்பது இவ்வாறே. குழந்தையின் அணுக்கள் சிலவும் சுமந்தவளின் உடலில் புகுந்து நெடுங்காலம் தங்கும். ஆண் குழந்தையைப் பெற்ற ஒருத்தியின் இரத்தத்தில் 27 வருஷத்துக்குப் பிறகும் அவ்வணுக்கள் இருந்தமை 1996-இல் வெளியான ஆராய்ச்சியில் சொல்லப்பட்டுள்ளது. இது வழி ஆகாது. ஆனாலும் சுமந்தவள் ஒன்றும் பெறாமல் திரும்புகிறாள் என்றும் சொல்வதற்கில்லை. சுமப்பவள் ஆர்எச் நெகட்டிவ் இரத்த வகுப்பினளாயும் குழந்தை பாசிட்டிவாயும் இருந்தால், உரிய காலத்தில் தடுப்பு ஊசி போடாவிடில் அவளுடைய சொந்தக் குழந்தை பின்னால் கருவிலேயே துன்புற நேரும். பிறருக்காகச் சுமந்ததன் கடனைத் தன் பிள்ளை கொடுக்கும்படி ஆகக் கூடாது.

இனிச் சட்டத்தைப் பற்றி. 2008-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஜப்பானியத் தம்பதிகளுக்காக ஒரு பெண் குழந்தை பிறந்தது. விந்து கணவனுடையது, முட்டையணு பெயர் தெரியாத ஒருத்தியுடையது, சுமந்தவள் வேறொருத்தி. பிரசவத்துக்கு முன்னரே தம்பதிகள் விவாகரத்துப் பெற்றுப் பிரிந்தனர். மூன்று ஸ்திரீகளில் தாய் இன்னார் என்று எழுத வழியின்றி, குழந்தைக்குப் பிரயாணச் சீட்டு மறுக்கப்பட்டு, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. குழந்தை பாட்டியோடு ஜப்பான் சேர அவ்வாண்டு நவம்பர் ஆயிற்று. நம் ராஜ்யத்தில் சென்னைத் துறைமுகத்தின் பெண் ஊழியர் ஒருவர், வாடகைத் தாய் மூலம் பெற்ற குழந்தைக்காகப் பிரசவ விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்டு ஹைகோர்ட்டை அணுகினார். சுவீகாரக் குழந்தைக்கு உள்ள விடுப்பு இதற்கும் உண்டு என்று 2013-இல் தீர்ப்பாயிற்று.

இத்தகைய குழப்பங்களுக்குப் பின் இயற்றப்பட்ட 2021-ஆம் ஆண்டுச் சட்டம், 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. ‘வாடகைத் தாய்’ என்னும் பெயர் ஜனங்களின் நாவில் ஊன்றிவிட்டது. ஆனால் சட்டத்தில் வாடகைக்கு இடமில்லை. வைத்தியச் செலவும் இன்ஷூரன்ஸும் சட்டம் அனுமதிக்கும் இதர செலவுகளும் தவிரப் பணம் கொடுத்தாலும் வாங்கினாலும் குற்றம். இதை வியாபாரமாக நடத்துவோருக்குப் பத்து வருஷம் வரை சிறையும் பத்து லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சுமப்பவள் விவாகமானவளாய், சொந்தக் குழந்தை உள்ளவளாய், 25 முதல் 35 வயதுக்குட்பட்டவளாய் இருக்க வேண்டும். ஆயுளில் ஒருமுறைக்கு மேல் இதற்கு உடன்படக் கூடாது. கடனில் அகப்பட்ட குடும்பத்துப் பெண்களிடம் தரகர் வந்து பெருந்தொகை பேசினால், கிராம உத்தியோகஸ்தர் இவ்விதிகளை உடனே எடுத்துச் சொல்வது அவசியம்.

வாரிசு விஷயத்தில் பங்காளிகள் சொல்லக்கூடிய ஆட்சேபங்கள் இரண்டு. "பெற்றவள் வேறு" என்பது ஒன்று. அதற்கு விடை மேலே சொல்லப்பட்டது. மற்றொன்று சற்றுக் கடினமானது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிப்படி, நோய் காரணமாக ஜில்லா மருத்துவக் குழு சான்று அளித்தால், தம்பதிகளில் ஒருவருடைய அணுவுடன் பிறர் கொடுத்த அணுவையும் சேர்க்கலாம். அப்பொழுது மனைவிக்கும் குழந்தைக்கும் பரிசோதனையில் உறவு காணாமலும் இருக்கக்கூடும். ஆயினும் 8-ஆம் பிரிவு, அக்குழந்தையைத் தம்பதிகளுக்கே பிறந்த குழந்தையாகக் கொண்டு, பெற்ற பிள்ளைக்குரிய சகல உரிமைகளையும் அதற்கு அளிக்கிறது. ஆகவே நிலத்தில் அதன் பாத்தியதையைப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டோ தெருப் பேச்சைக் கொண்டோ குறைத்தெழுத அதிகாரம் இல்லை.

விசாரணைக்கு வருவோரிடம் கேட்க வேண்டிய பத்திரம் ஒன்று உண்டு. தம்பதிகளும் சுமப்பவளும் சேர்ந்து மனுச் செய்து, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ அதற்கு மேற்பட்ட கோர்ட்டிலோ பெற்றோர் இன்னார் என்ற உத்தரவை முன்னதாகவே பெற வேண்டும் என்பது சட்டம். குழந்தை பிறந்தபின் அவ்வுத்தரவே பிறப்பு அத்தாட்சியாகும். அதன் நகலையும் பிறப்புச் சான்றையும் வாங்கி அறிக்கையுடன் இணைத்துத் தாசில்தாருக்கு அனுப்பினால் போதும். சுமந்தவளின் பெயரில் 36 மாதங்களுக்குக் குறையாத இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நிபந்தனை. அப்பத்திரம் தம்பதிகளின் பெட்டியில் இல்லாமல் அவள் கையிலேயே இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளலாம்.